குறை கூவி விற்றவர்

"ஐயா, மூக்கை நல்லாப் பொத்திக்கங்க! இன்னிக்கு நாத்தம் ஜாஸ்தி!"

அந்த அம்மாள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது. வைகறையில் நீராடி, நீறு பூசி, நாவில் பதிகம் ஓட ஆற்றங்கரைச் சிவன் கோயிலுக்கு நடந்து போவது என் வழக்கம். அந்த வழியில்தான் எங்கள் ஊரின் மீன்சந்து குறுக்கிடும். தகரம் வேய்ந்த நான்கே கடைகள். புலால் உண்ணாத குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்தச் சிறு தூரத்தை மேல்துண்டால் மூக்கை மூடி, பாட்டையும் நிறுத்திவைத்து, விரைந்து கடப்பேன். ஒரு நாள் மூன்றாவது கடையிலிருந்து இந்த எச்சரிக்கை வந்தது. கேலி செய்கிறாரோ என்று சினத்தோடு திரும்பினேன். கேலியே இல்லை. முகத்தில் அப்பழுக்கற்ற அக்கறை. துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அன்று நாற்றம் உண்மையிலேயே அதிகம்தான்!

மற்ற மூன்று கடைக்காரர்களும் உலக வழக்கப்படி கூவினார்கள். "துள்ளுது பாருங்க, துள்ளுது பாருங்க!" என்பார் ஒருவர், அவர் பலகையில் கிடக்கும் மீன் துள்ளி மூன்று நாள் ஆகியிருக்கும். இந்த அம்மாள் மட்டும் தம் பண்டத்தின் குறையைக் கூவி விற்றார்.

"சங்கரா முந்தாநேத்து மீனு! குழம்புக்கு வேணாம், வறுக்கிறவுக மட்டும் வாங்க!"

"நெத்திலியில மண்ணு இருக்கு தாயி, மூணு தண்ணி அலசணும்!"

"காரல்ல முள்ளு ஜாஸ்தி! பல்லு இல்லாதவுக அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க!"

குரலோ கோயில் முரசு. தெருவின் இரு முனைக்கும் கேட்கும். வியப்பு என்னவென்றால், கூட்டம் மொய்த்ததும் அந்தக் கடையில்தான். குறையைச் சொல்லிவிட்டபின் அந்த மீனில் பயப்பட என்ன இருக்கிறது என்று மக்கள் கணக்குப் போட்டார்கள் போலும். நான் மீன் வாங்காதவன். ஆயினும் அந்தக் கூவலைக் கேட்பதற்காகவே என் நடை அவ்விடத்தில் தானாகத் தளர்ந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். என் தெய்வம் என்னை மன்னிக்கும்.

அவருக்குக் கடல்மீன் அனுப்பியவர் கோட்டைப்பட்டினத்துப் பெரியவர் ஒருவர். அந்த அம்மாள் அவரைப் 'பாய்' என்றுதான் அழைப்பார். விடியற்காலை வண்டியில் பெட்டி வந்து இறங்கும். ஒரு முறை பெட்டியில் பனிக்கட்டி குறைந்து மீன் தளர்ந்துவிட்டது. அன்று பார்த்து அந்தப் பெரியவரே ஏதோ திருமணத்துக்குப் போகும் வழியில், வெள்ளை வேட்டியும் அத்தர் மணமுமாகக் கடையருகே வந்து நின்றார்.

"பாறை மீனு செவுளு வெளுத்துப் போச்சு! அனுப்புனவரு இந்தா நிக்கிறாரு, நீங்களே கேட்டுக்கங்க!" என்று இவர் கூவினார்.

பெரியவர் பதறிப்போனார். "ஏம்மா, எம் மானத்தையும் சேத்துப் பலகையில போட்டு விக்கிறியே!"

"ஒங்க மானத்துக்கு ஐசு வேணாங்க பாய். மீனுக்குப் போட்டு அனுப்புங்க, போதும்!"

தெருவே சிரித்தது. அந்தப் பெரியவரும் தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து பனிக்கட்டி நிரம்பி வந்ததாகக் கேள்வி.

தம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதே கூவல்தான். நான் ஊர்ப் பெரியவன் என்று அழைக்கப்பட்டு அங்கே அமர்ந்திருந்தேன். தட்டில் பழம் மாறுமுன்பே தொடங்கிவிட்டார்: "எம் மகளுக்குக் கோவம் வரும்ங்க. வந்தா ரெண்டு நாளு பேச மாட்டா. சோத்தைக் கொழைய வடிப்பா. கணக்குல ரெண்டு வாட்டி பெயிலு." உள்ளறையிலிருந்து, "அம்மா!" என்று மகளின் அலறல். மாப்பிள்ளையின் தாயார் சற்று நேரம் விழித்தார். பிறகு, "எங்க பய கொறட்டை விட்டா மூணு வீட்டுக்குக் கேக்கும் மதினி, பாத்துக்கங்க" என்றார். அந்த இடத்திலேயே சம்பந்தம் உறுதியாயிற்று! மணம் முடிந்து மருமகன் வெளிநாட்டு வேலைக்குத் திரும்ப, மகள் தாயோடே இருந்தாள்.

நானும் தப்பவில்லை. ஒரு பிரதோஷத்தன்று சந்நிதியில் உருகி ஒரு பதிகம் பாடி முடித்து வெளியே வந்தேன். மதிலோரம் கைகட்டி நின்றிருந்தார். மீன் தொட்ட கையோடு உள்ளே வரமாட்டார். வெளியில் நின்றே கேட்பார்.

"ஐயா, ஏழாவது பாட்டுல ஒரு வரி விட்டுட்டீங்க."

ஐம்பது ஆண்டாக ஓதிய வாய் இது. எழுத்தறியாத ஒருவர் பிழை சொல்வதா என்று உள்ளம் கொதித்தது. வீட்டுக்கு வந்து ஏட்டைப் புரட்டினேன். விட்டிருந்தேன்! அன்றிரவு உணவு செல்லவில்லை. பழைய அடியார்கள் தம் குற்றத்தைத் தாமே உரத்த குரலில் இறைவன்முன் எடுத்துரைத்தார்கள். அதைத்தான் நான் நாள்தோறும் இராகத்தோடு பாடுகிறேன். ஆனால் என் குற்றத்தை ஒருவர் சுட்டியபோது எனக்கு வந்ததோ கோபம். அந்த அம்மாள் பாடவில்லை. பாட்டின் பொருளை மீன் பலகையின்மேல் வைத்துத் தினமும் விற்றுக்கொண்டிருந்தார்.

இவ்வளவு குறை சொன்னவர் புகழ்ந்து கூவியது ஒரே ஒரு மீனைத்தான்.

"கல்மடு மீனு! கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்! புள்ளத்தாச்சிக்குக் குடுக்கலாம், பச்சப் புள்ளைக்குக் குடுக்கலாம்!"

வெள்ளாறு எங்கள் ஊரைத் தாண்டும் இடத்தில் பாறை சூழ்ந்த ஆழமான மடு ஒன்று உண்டு. கோடையில் ஆறு முழுதும் மணலாய்க் காய்ந்தாலும் அங்கே நீர் நிற்கும். அதுதான் கல்மடு. விரால், கெளுத்தி, கெண்டை எல்லாம் வற்றும் ஆற்றிலிருந்து அங்கே வந்து ஒதுங்கும். மடுக்கரையில் குடிசை போட்டிருந்தவன் அந்த அம்மாளின் கூடப்பிறந்த தம்பி. அவனும் மீன் பிடிப்பான். ஆனால் அவன் பெயர் சுற்றுவட்டாரத்தில் பரவியதற்குக் காரணம் வேறு. வீச்சுவலையின் ஓரத்தில் கனத்துக்காகக் கோக்கும் ஈயமணிகளை வார்ப்பதில் அவனுக்கு இணையில்லை. பழைய பேட்டரிகளை வாங்கி உடைத்து, உள்ளிருக்கும் தகடுகளை மடுநீரில் கழுவி, இரும்புச் சட்டியில் உருக்கி அச்சில் ஊற்றுவான். "நம்ம மணி கோத்த வலை தண்ணியில விழுந்தா தாமரை விரிஞ்ச மாதிரி விரியும்" என்பது அவன் பெருமை. உண்மையும் அதுவே. நானே கரையில் நின்று கண்டிருக்கிறேன். அவ்வளவு அழகு!

ஒரு ஐப்பசியில், வேற்றூர்க் கல்லூரியில் ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி பனிப்பெட்டியோடு மீன்சந்துக்கு வந்தாள். ஆற்று மீன் வேண்டும். எங்கே பிடித்தது என்று துல்லியமாகத் தெரியவேண்டும் என்றாள். மற்றக் கடைகளில், "எல்லாம் ஆத்து மீனுதாம்மா" என்ற ஒரே விடை. மூன்றாவது கடையில் மட்டும் பாடமே நடந்தது.

"இந்தக் கெண்டை பாலத்துக்கு இங்கிட்டுப் பிடிச்சது. அது அங்கிட்டு, மணல் அள்ளுன பள்ளத்துல. இந்த விராலும் கெளுத்தியும் கல்மடு. ஒன்னோட ஒன்னு சேத்து வைக்காத, தனித்தனிப் பையில போடு. ஆமா, எதுக்கு இம்புட்டு?"

"மீன்ல உலோகம் எதாவது சேந்திருக்கான்னு பாக்கணும்க்கா."

"பாரு, நல்லாப் பாரு. கல்மடு மீனைப் பாத்துட்டுச் சொல்லு, பத்தரமாத்துத் தங்கம்தான் இருக்கும்!"

முடிவு வந்ததும் தமக்கும் ஒரு பிரதி அனுப்பவேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் மீனைக் கொடுத்தார். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்தத் தபால் வைகாசியில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தார். வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அலுவலக ஆங்கிலம் ஓரளவு படியும். கோயில் மதிலோரம் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் படித்தேன். பாலத்தருகே பிடித்த மீனில் குற்றமில்லை. மணற்பள்ளத்து மீனிலும் குற்றமில்லை. கல்மடு மீனில் மட்டும் ஈயம். செவுளிலும் ஈரலிலும் மிகுதி. சதையிலும் உண்ணத்தகும் அளவுக்கு மேல்.

"தங்கம்னு போட்டிருக்காங்களா?" என்றார் சிரித்தபடி.

"ஈயம் இருக்கிறதாம் அம்மா. கல்மடு மீனில் மட்டும்."

"ஈயமா? வலையில கோக்குற ஈயமா?"

"அதேதான்."

அந்த முரசு நின்றது. தலைச்சும்மாட்டைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று ஆற்றை நோக்கி நடந்தார். என்னவோ நேரப்போகிறது என்ற படபடப்பில் நானும் பின்தொடர்ந்தேன்.

தம்பியின் குடிசைக்குப் பின்னே, பாறையில் உடைத்த பேட்டரிக் கூடுகள் கறுப்பாய்க் குவிந்து கிடந்தன. சாம்பல் நிறக் கசடு ஒரு தடமாக வழிந்து மடுநீர்வரை போயிருந்தது. அந்த அம்மாள் பல ஆண்டுகளாகப் பார்த்த காட்சிதான், நானும் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் இருவர் கண்களும் திறந்தன.

தம்பி விருட்டென்று எழுந்து வந்தான். மீன்பிடித் திருவிழாவுக்கு இரண்டே நாள். ஊரார் எல்லோருடைய வலைக்கும் புது மணி கோக்கும் வேலை தலைக்குமேல் கிடந்தது. செய்தியைக் கேட்டதும் அவன் முகம் கறுத்தது.

"யாரோ ஒரு காலேஜ் புள்ள எழுதுனா, அது வேதமாக்கா?"

"ஒனக்கு ஏண்டா மாசத்துல பாதி நாளு வயித்து வலி? கை ஏண்டா வலை வீசுனதும் தொவளுது?"

"அது சூடு. நீச்சத் தண்ணி குடிச்சாச் சரியாப் போகும். மீனை மஞ்சளும் உப்பும் போட்டு ஒரசிக் கழுவுனா எந்த ஈயமும் ஓடிப் போயிரும்."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஐயா, அந்தப் புள்ளைக்குப் போன் போடுங்க."

தபாலில் இருந்த எண்ணுக்கு அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: கழுவினாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. தலையிலும் குடலிலும் அதிகம். பெரியவர்கள் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வயிற்றையும் நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கும். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஆபத்து மிக அதிகம். தாயின் இரத்தத்திலிருந்து கருவுக்குப் போய் மூளை வளர்ச்சியைத் தாக்கும். "அவுங்க அந்த மடு மீனைத் தொடவே கூடாதுங்கய்யா. ஈயம் உருக்குற எடத்துப் பக்கமும் போகக் கூடாது."

கருவுற்ற பெண். அந்த அம்மாளின் மகளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

இங்கே எங்கள் ஊர் முறை ஒன்றைச் சொல்லவேண்டும். மீன்பிடித் திருவிழாவை மற்ற ஊர்களில் கண்மாயில் நடத்துவார்கள், எங்களுக்குக் கல்மடு. கரைத் தெய்வத்தை வணங்கி, அம்பலம் என்று நாங்கள் அழைக்கும் ஊர்த்தலைவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நொடி ஆணும் பெண்ணும் ஊத்தா என்னும் அடியற்ற கூடை, கச்சா, வலை என்று கைக்குக் கிடைத்த கருவியோடு நீரில் பாய்வார்கள். பிடித்த மீனை விற்கக்கூடாது. புலால் உண்ணும் எல்லா வீட்டிலும் அன்று சமைத்தாகவேண்டும்; அவற்றில் ஒரு வீட்டில் மீன்மணம் எழாவிட்டாலும் மழை பொய்க்கும் என்பது நம்பிக்கை. முதலில் அகப்படும் பெரிய விரால், ஊரில் சூல் கொண்டிருக்கும் பெண்ணுக்கு. அந்த ஆண்டு ஊரில் சூல் கொண்டிருந்தவள் அவர் மகள் ஒருத்திதான்.

திரும்பும் வழியில் நான் ஒரு யோசனை சொன்னேன். இன்று எழுதும்போதும் கை கூசுகிறது, ஆயினும் எழுதுகிறேன். "அம்மா, இன்னும் இரண்டு நாள்தானே. திருவிழா முடியட்டும். முறைக்கு விராலை வாங்கிக்கொள்ளுங்கள். மகளுக்குக் கொடுக்காமல் புதைத்துவிடுங்கள். தம்பியின் பிழைப்பு, ஊரின் நம்பிக்கை, எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்."

அவர் நின்று என்னை உற்றுப் பார்த்தார்.

"எம் மக திங்காமப் பாத்துக்கிருவேன். மத்தவுக புள்ளைக்கு நா என்ன சொல்றது? அம்புட்டு வீட்டுலயும் கொழம்பு கொதிக்கும்ங்களே ஐயா." சற்று நடந்தார். மீண்டும் நின்றார். "ஒரு நாளும் பொய் சொல்லி வித்ததில்லைன்னு பெருமையடிச்சேன். கல்மடு மீனு கல்மடு மீனுன்னு தொண்டை கிழியக் கத்துனேனே, அது என்னங்க?"

"தெரியாமல் சொன்னது பொய் ஆகாது அம்மா."

"தின்னவுக வயித்துக்கு அது தெரியுமாங்க?"



திருவிழா நாள் விடிந்தது. மடுவின் இருகரையும் தலைகளாக நிறைந்திருந்தது. புதுமணி கோத்த வலைகள் காலை வெயிலில் பளிச்சிட்டன. ஊத்தாக்களைத் தூக்கிப் பிடித்தவர்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு, ஓட்டப் பந்தயக்காரர்களைப்போல் ஒரு காலை முன்வைத்து நின்றார்கள். அம்பலம் சூடம் காட்டி முடித்துத் துண்டைக் கையில் எடுத்தார். ஆரவாரம் வானைப் பிளந்தது.

அப்போது அந்த அம்மாள் தனியாக நீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழம்வரை சென்று, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கல்மடு மீனு!" என்று எழுந்தது முரசு. "ஈயம் ஏறுன மீனு! கழுவுனாப் போகாது, காய்ச்சுனாப் போகாது! பச்சப் புள்ளைக்கு ஆகாது, புள்ளத்தாச்சிக்கு ஆகவே ஆகாது! யாரும் பிடிக்காதீக! இம்புட்டு நாளா நல்ல மீனுன்னு வித்தவ நாந்தான். நாந்தான் சொல்றேன், வேணாம்!"

கரையெங்கும் சிரிப்பு வெடித்தது.

"அடி ஆத்தி! ஓசி மீனு கெடச்சுட்டா நாளைக்கு ஓங் கடைக்கு எவ வருவா? அதானே?"

"ஏக்கா, யாவாரத்துக்கு இந்த வேலையும் பாக்க ஆரம்பிச்சுட்டியா?"

"அம்பலம், துண்டை வீசுங்க! வெயிலு ஏறுது!"

குறை சொல்லியே ஊரின் நம்பிக்கையைப் பெற்றவர் அவர். அன்று சொன்ன குறையை மட்டும் ஊர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் அவர் மீன்காரி என்பதே. நான் கையிலிருந்த தாளை உயர்த்தி ஏதோ சொல்ல முயன்றேன். என் குரல் பத்தடிகூடப் போகவில்லை.

"நாளைக்கும் கடை கெடையாது! அடுத்த மாசமும் ஆத்து மீனு விக்க மாட்டேன்!" என்று நீரிலிருந்து அவர் பதில் கூவினார். "எந்தம்பி பேட்டரித் தகட்டை இதுலதான் கழுவுறான். அங்க பாருங்க, அந்தக் கறுப்பு எங்க போயி இறங்குதுன்னு பாருங்க!"

அவ்வளவுதான். கரையில் வலையோடு நின்ற தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஆமாடி! கழுவுறேன்! பத்து வருசமாக் கழுவுறேன்! அமிலத்தையும் இதுலதான் ஊத்துறேன், சாம்பலையும் இதுலதான் தட்டுறேன்! எவன் செத்தான்? சொல்லு, இந்த ஊர்ல எவன் செத்தான்?"

அக்காளைப் பொய்யாக்க நினைத்துக் கத்தியவன், அவர் சொல்லை மெய்யாக்கிவிட்டான். முடித்த பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. சிரிப்பு ஓய்ந்தது. ஊத்தாக்கள் ஒவ்வொன்றாகக் கீழிறங்கின. பெண்கள் தத்தம் பிள்ளைகளின் கையைப் பிடித்து நீரோரத்திலிருந்து இழுத்தார்கள். முதல் வரிசையில் நின்ற ஒருவர் தம் புது வலையின் மணியைத் தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அம்பலம் வெள்ளைத் துண்டை நான்காக மடித்துத் தோளில் போட்டார். "சாமி கும்பிட்டாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். முணுமுணுப்பு இருந்தது. மழை பொய்த்தால் யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். ஆனால் யாரும் நீரில் கால் வைக்கவில்லை.

அன்று முற்பகலே மகளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். தாளைப் படித்துச் சொல்ல நானும் உடன்வந்தேன். எங்களை ஏற்றிச் சென்றது தம்பியின் வண்டிதான். யாரும் அவனைக் கேட்கவில்லை. தானாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அக்காள் முகத்தைப் பார்க்கவில்லை. மேடுபள்ளம் வந்தபோதெல்லாம் அக்காள் மகளுக்காக வண்டியை மெதுவாக விட்டான். மருத்துவமனைக்கு வந்தபின் உள்ளே வராமல் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

மருத்துவர் இளவயதுப் பெண். நான் நீட்டிய தாளைக் கருத்தாகப் படித்தார். இரத்தத்தை எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும் என்றார். பிறகு பேனாவைத் திறந்து மகளிடம் கேட்டார்: "இந்த மீனை நீங்க எவ்வளவு சாப்பிட்டிருப்பீங்கம்மா? வாரத்துக்கு எத்தனை நாள்?"

மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். கணவன் வீட்டார் காதுக்கு நாளை இது போகும். பழி யார்மேல் விழும் என்று அந்தப் பேதைக்குத் தெரியும். வயிற்றின்மேல் கை வைத்தபடி மெல்லச் சொன்னாள்.

"நா அந்த மீனைத் தொட்டதே இல்லைங்க டாக்டர். எனக்கு ஆத்து மீனு பிடிக்காது."

மருத்துவரின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. பேனா தாளைத் தொட்டது.

"எழுதாதீக!"

அந்த அம்மாளின் கை மேசைமேல் அறைந்த ஓசையில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பொய் சொல்றா டாக்டரம்மா. என்னையக் காப்பாத்தப் பொய் சொல்றா. வாரத்துல நாலு நாளு. விரால் தலைக் கொழம்பு. ஈரலைத் தனியா வதக்கி ஊட்டுவேன். வேணாம் வேணாம்னுதான் சொன்னா. தெம்பு வேணும்னு நாந்தான் ஊட்டுனேன், இந்தக் கையாலதான். மாசமா இருக்குன்னு தெரிஞ்ச நாள்லருந்து. அதை எழுதுங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அம்மாள் ஒரு கையால் அவள் தலையைத் தம் இடுப்போடு அணைத்துக்கொண்டார். குரலை மட்டும் தாழ்த்தவில்லை.

மருத்துவர் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, சற்றுத் தயங்கிக் கேட்டார். "உங்ககிட்ட வாங்கினவங்க... அவங்க வீடுகள்ல சின்னப் பிள்ளைகள் இருக்காங்களா?"

"இருக்காக. எந்த வீட்டுக்கு எந்த மீனு போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார். முன்னால் வந்து, மேசையின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டார். "மேலத்தெரு ஆசாரி வீடு. ரெண்டு புள்ளைக. மூத்ததுக்கு நாலு வயசு. செவ்வாயும் வெள்ளியும் வாங்குவாக, கெளுத்தி. பக்கத்துல டெய்லர் வீடு. கைப்புள்ளை, தாய்ப்பால் குடிக்குது. அவுக வாங்குனது விரால். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி..."

மருத்துவர் இன்னொரு தாளை எடுத்தார்.